ஆறாவது எஸ்டிமேட்

மழை வருவதா வேண்டாமா என்று வானம் இன்னும் முடிவெடுக்கவில்லை...

பாக்குக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றபடி, எதிர்ப்புறத் திருகாணித் தொழிற்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள் யாச்சுன். இடது கையில் சத்தம் அளக்கும் கருவி. கைப்பேசி அளவுதான் இருக்கும். நுனியில் ஒரு கறுப்புப் பஞ்சு உருண்டை. வலது கையில் நோட்டு. மதிலுக்கு அப்பால் இயந்திரங்கள் இரும்புக் கம்பியை நறுக்கித் தலை அடிக்கும் சத்தம் ஓயாமல் கேட்டது. டக டக டக டக... கருவி எழுபத்தொன்று என்றது. எழுதிக்கொண்டாள்.

தெற்குத் தைவானின் கங்ஷான் ஊரில் சந்துக்கு ஒரு திருகாணித் தொழிற்சாலை. இந்தச் சத்தத்தில்தான் அங்கே குழந்தைகள் தூங்கிப் பழகுகின்றன. கேட்டுக்கொண்டு நிற்பதற்காகவே ஒருத்தி வந்தால், அதுவும் கையில் கருவியோடு வந்தால், எவருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருவன் ஸ்கூட்டரை அவள் எதிரே நிறுத்தினான். தலைக்கவசத்தைக் கழற்றினான். மூக்குக் கண்ணாடி முழுக்கப் புகைபோல நீராவி. அதைத் துடைக்கக் கழற்றியபோதுதான் அவள் அந்தக் கண்களைப் பார்த்தாள். அகலமான, கொஞ்சம் பயந்த, எதையும் மறைக்கத் தெரியாத கண்கள்...

"மேடம், வணக்கம். சுற்றுச்சூழல் ஆபீஸ்லேருந்து வர்றீங்களா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான். போன மாதம் பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்தது உண்மைதானாம். அன்றிலிருந்து கிழக்கு ஜன்னலை மூடியே வைத்திருக்கிறார்களாம். எல்லா இயந்திரத்துக்கும் அடியில் ரப்பர் போட்டாயிற்றாம். அப்பாவுக்கு இரத்தக் கொதிப்பு, அதனால் அபராதக் கடிதம் வந்தால் தன் பெயருக்கே வரட்டும் என்றும் கேட்டுக்கொண்டான். பேசும்போதே பாக்குக் கடையில் குளிர்ந்த பூசணிக்காய் டீ ஒன்றை வாங்கி அவள் கையில் திணித்துவிட்டான்.

"இன்னொண்ணும் எழுதிக்கோங்க மேடம். பன்னிரண்டரைக்கு எல்லாத்தையும் நிறுத்திடுவோம். ஒன்றரை வரைக்கும் எல்லாரும் தூங்குவாங்க. அந்த நேரத்துல ஒரு ஸ்க்ரூ கீழ விழுந்தாக்கூட எந்த சைஸ்னு காதாலயே சொல்லிடலாம்."

யாச்சுனின் பேனா நின்றது. "நிஜமாவா? ஒரு மணி நேரம் முழுசா?"

"முழுசா."

"அது போதும் எனக்கு. உங்க அப்பாவ அந்த ஒரு மணி நேரத்துலயே பேட்டி எடுத்துடலாம்."

அவன் விழித்தான். யாச்சுன் தன் அட்டையை நீட்டினாள். காவ்ஷியுங் நகரத்தில் நாலே பேர் வேலை செய்யும் ஒரு வீடியோ நிறுவனம். லுவோ யாச்சுன், தயாரிப்பு மேலாளர். அவன் அப்பா தொழிற்சாலைக்காக ஒரு படம் எடுக்க விலை கேட்டிருந்தார். நாளைக் காலைதான் அவர்களுக்குள் சந்திப்பு. ஆனால் சத்தத்தை ஒருநாள் முன்னதாகவே சொல்லாமல் வந்து கேட்பது அவள் வழக்கம். சொல்லிவிட்டு வந்தால் பாதி இயந்திரத்தை மரியாதைக்காக நிறுத்தி வைத்துவிடுவார்கள்.

அவன் அட்டையை இரண்டு முறை படித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"அந்த டீயத் திருப்பிக் குடுங்க."

"குடிச்சாச்சு."

மழை கொட்டத் தொடங்கியது. ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு அவனும் அதே கூரைக்குள் வந்தான். அங்கே ஒருவர் நிற்கத்தான் இடம்... தோளோடு தோள் உரசாமல் இருக்க இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருபது நிமிடம் நின்றார்கள். அவன் பெயர் சியாவ் போயென். வரவு செலவு முழுக்க அவன் பொறுப்பு. அதாவது, அவள் போடும் ஒவ்வொரு எண்ணையும் வெட்டப்போகிறவன் அவன்தான்.

*

அவள் கொடுத்த முதல் மதிப்பீடு நாலு லட்சத்து எண்பதாயிரம் தைவான் டாலர். அவர்கள் மனதில் வைத்திருந்தது மூன்று லட்சம். மூன்று நிமிடப் படம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் என்று கணக்குப் போட்டிருந்தார் பெரியவர் சியாவ்.

அங்கேதான் எல்லாரும் தவறுகிறார்கள் என்று யாச்சுன் பொறுமையாக விளக்கினாள். படத்துக்கு விலை நிமிடத்தில் இல்லை, நாளில் இருக்கிறது. கேமராவும் விளக்கும் பதினோரு ஆட்களும் ஒருநாள் வந்து இறங்கினால், பத்து நிமிடம் எடுத்தாலும் பத்து மணி நேரம் எடுத்தாலும் ஒரே கூலி. அதனால் செலவைக் குறைக்க விரும்புகிறவர்கள் விலை மலிந்த கேமராவைத் தேடக் கூடாது. என்ன எடுக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே யோசித்து, இரண்டு நாள் வேலையை ஒரு நாளுக்குள் அடைக்க வேண்டும். எழுதும்போது யோசிக்க மறந்ததற்கெல்லாம் எடுக்கும்போது பணம் கொடுக்க நேரும். எடுத்து முடித்த பிறகும் செலவு உண்டு. வெட்டி ஒட்டுவது, நிறம் சரிசெய்வது, இசைக்கு உரிமை வாங்குவது. திருத்தம் இரண்டு முறைக்கு இலவசம். மூன்றாவது திருத்தத்திலிருந்து காசு. இல்லாவிட்டால் முதலாளியின் மாமனார் வரைக்கும் திருத்தம் சொல்வார்.

பெரியவர் சியாவ் சிரித்துவிட்டு, இனி பையனோடு பேசிக்கொள்ளுங்கள் என்று எழுந்து போய்விட்டார். எதை வாங்கினாலும் மூன்று இடத்தில் விலை கேட்க வேண்டும் என்ற தன் விதியை மட்டும் வாசலில் நின்று ஒருமுறை ஞாபகப்படுத்தினார்.

போயென் அன்றைக்கு ஏழு இடத்தில் "ஏன்?" என்று கேட்டான். மற்ற வாடிக்கையாளர்கள் கடைசி எண்ணைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். பத்து சதவீதம் குறை என்பார்கள். இவன் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கேட்டான். காரணம் தெரிந்ததும் முகம் மலர்ந்தது. யாச்சுனுக்கு அது புதிது. தன் வேலை எப்படி ஓடுகிறது என்று இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை...

சத்தம் நின்றிருக்கும் நேரத்தில்தான் பேச முடியும் என்பதால், அவள் எப்போதும் பகல் தூக்க நேரத்துக்கே வந்தாள். பன்னிரண்டரைக்கு மணி அடிக்கும். இயந்திரங்கள் ஒவ்வொன்றாக மூச்சை நிறுத்தும். தொழிலாளர்கள் அட்டையை விரித்துப் படுப்பார்கள். அலுவலகத்தில் விளக்கை அணைத்துவிட்டு மேசைமேல் கவிழ்ந்துகொள்வார்கள். ஜன்னலோரம் சரக்கு கட்டும் மேசையில் இவர்கள் இருவர் மட்டும். நடுவில் ஒரு தாள். மற்றவர்கள் தூக்கம் கலையாமல் இருக்கக் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும். குரலைத் தாழ்த்தினால் தலையைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும்.

இயந்திர எண்ணெயும் சோப்பும் கலந்த அவன் வாசனை அவளோடு ரயிலேறி காவ்ஷியுங் வரைக்கும் வந்தது.

மூன்றாவது மதிப்பீட்டில் அவன் விரல் ஒரு வரியில் நின்றது. "பதினோரு பேருக்கு ஏன் பதிமூணு சாப்பாடு?"

"ஒண்ணு லைட் தூக்கறவருக்கு. அவருக்கு எப்பவும் ரெண்டு."

"இன்னொண்ணு?"

"வேடிக்கை பாக்க ஒருத்தர் வருவாரு. எல்லா ஷூட்டிங்லயும் வருவாரு."

"யாரு?"

"முதலாளி வீட்டுப் பையன்."

அவன் சிரிப்பை அடக்கக் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். தூரத்தில் யாரோ புரண்டு படுத்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் மட்டும் வெகுநேரம் சிரித்தன... அவள் தாளைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டாள்.

பதிலுக்கு அவன் ஒரு திருகாணியின் கதையைச் சொன்னான். கம்பிக்கு இவ்வளவு, தலை அடிக்க இவ்வளவு, உடம்பைச் சுற்றி ஓடும் மரையை உருட்ட இவ்வளவு, உலையில் சுட, முலாம் பூச இவ்வளவு. புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் வரைக்கும் போவான். ஒரு திருகாணியை அவள் உள்ளங்கையில் வைத்து, மரையை வெட்டுவதில்லை, இரண்டு தகட்டுக்கு நடுவே உருட்டி எழுப்புகிறோம், அதனால்தான் இரும்பு பலம் இழப்பதில்லை என்றான். உள்ளங்கையில் அவன் விரல் நுனி பட்டது ஒரு நொடி. அந்த ஒரு நொடியை அவள் எந்தக் கட்டத்தில் எழுதுவது?

குறிப்புக் கட்டத்தில் எழுதினாள்.

மதிப்பீட்டுத் தாளின் வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். அவன் கேள்விகளுக்கான பதிலை அதில் எழுத ஆரம்பித்தாள். 'கிழக்கு ஜன்னலைத் திறந்தால் 9.10 முதல் 9.35 வரை வெயில் நேராக இயந்திரத்தில் விழும். அந்த இருபத்தைந்து நிமிடத்துக்கு விளக்கு வாடகை வேண்டாம்.' நாலாவது மதிப்பீட்டில் குறிப்பு நீண்டது. 'மகன் சியாவ் சாரும் பேட்டி கொடுக்கும்போது கண்ணாடியைக் கழற்றிவிடலாம். கண்ணாடியில் விளக்கு தெரியும்.' ஐந்தாவதில், என்ன துணிச்சலோ, இரண்டு வார்த்தை சேர்த்தாள். 'கண்களும் தெரியும்.'

அவன் அதைப் படித்தான். காது மட்டும் சிவந்தது.

விலை மூன்று லட்சத்துப் பத்தாயிரத்துக்கு வந்து நின்றிருந்தது. இனிக் குறைக்கவும் ஒன்றுமில்லை, கேட்கவும் ஒன்றுமில்லை. ஒப்பந்தத்தில் முத்திரை குத்திவிட்டால் ஒருநாள் படப்பிடிப்பு, மூன்று வாரம் கணினி வேலை, பிறகு வணக்கம்... அதற்கப்புறம் இந்தத் தொழிற்சாலைக்குள் நுழைய அவளுக்கு என்ன வேலை? ஆறாவது மதிப்பீட்டில் இசைக்கான வரியை வேண்டுமென்றே விட்டுவிட்டு அனுப்பினாள். மறுநாளே அவன் கூப்பிட்டான். இசை எங்கே என்று கேட்டான். அடடா, விட்டுப்போயிற்றே, நேரில் வந்து சரிசெய்கிறேன் என்றாள்.

அப்படி நேரில் போகும் நாள் வரவே இல்லை. அதற்கு முன்பே ஷுஃபென் அழைத்தாள். முன்பு ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தவள். இப்போது வேறொரு வீடியோ நிறுவனத்தில் இதே வேலை.

"அடியே, உன் எஸ்டிமேட் எங்க மேசையில கெடக்குடி. கங்ஷான் ஸ்க்ரூ கம்பெனி அனுப்பியிருக்கான். இதே மாதிரி உங்களால முடியுமா, எவ்வளவுன்னு." ஷுஃபென் சிரித்துக்கொண்டே படித்தாள். "கண்களும் தெரியும்... அதுக்கு நாங்க எவ்வளவுடி போடறது?"

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது.

*

யாச்சுன் அழவில்லை. கணினியைத் திறந்து ஒரே வரி எழுதினாள். 'இந்த வேலைக்கான எங்கள் மதிப்பீட்டைத் திரும்பப் பெறுகிறோம்.' நிறுவனத்தை நடத்தும் இயக்குநர் ஆ-ஷெங் அண்ணனிடம் காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். போகட்டும், மழைக்காலத்தில் வெளிப்புற வேலை குறைந்தால் நல்லதுதான் என்று முணுமுணுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

விலையைக் காட்டி விலை குறைப்பது உலகத்தில் எல்லாரும் செய்வது. அது அவளுக்கு வலிக்கவில்லை. ஆனால் அந்தக் கட்டம்... தலையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியதன் மிச்சம் அல்லவா அது? அதைப் படித்து அவன் காது சிவந்ததே, அதுவும் பேரம்தானா? அவன் கேட்ட அத்தனை 'ஏன்'களும் காசுக்காக மட்டும்தானா? ஒன்றுகூட, ஒரே ஒன்றுகூட, தனக்காக இல்லையா?

அவன் நாலு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. பிறகு ஒரு செய்தி வந்தது. 'தவறு செய்துவிட்டேன் என்று புரிகிறது. எது என்றுதான் புரியவில்லை.' அதைப் படித்து எரிச்சல் வந்தது. மறுபடி படித்தபோது எரிச்சலோடு ஏனோ சிரிப்பும் வந்தது. பதில் போடவில்லை. மூன்றாவது நாள் இன்னொன்று. 'இப்போது புரிந்துவிட்டது.' அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

ஜூன் மழை விடாமல் பெய்தது. ஜன்னல் கண்ணாடியில் வழிந்த நீர் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இறங்கியது. வேறு வாடிக்கையாளர், வேறு எண்கள். யாரும் எதையும் ஏன் என்று கேட்கவில்லை. தினமும் பன்னிரண்டரைக்கு அவள் கை தானாக நின்றுவிடும்... இந்நேரம் அங்கே மணி அடித்திருக்கும். அந்த மேசையில் அவன் தனியாக உட்கார்ந்திருப்பானா? இல்லை, அவனும் தலை கவிழ்த்துத் தூங்கப் பழகியிருப்பானா? வராதே என்று கதவைச் சாத்தியவள் அவள்தான். ஆனாலும் ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தவளும் அவள்தான்.

இப்படிப் பதினெட்டு நாள்.

*

பத்தொன்பதாம் நாள் பிற்பகல். துறைமுகத்துக்கு எதிரே உள்ள சிஜின் தீவில் மீன்வடை விற்கும் ஒரு பழைய கடைக்குப் படம். படகில் வரும்போது தீவு எப்படித் தெரிகிறது என்று பார்க்கத் தனியாகக் கிளம்பியிருந்தாள். கட்டணப் படகு புறப்பட இருந்தது. சங்கிலியைக் கட்டப்போகும் நேரத்தில் ஒருவன் ஓடி வந்து ஏறினான். சட்டை முழுக்க நனைந்திருந்தது. குடை இல்லை.

போயென்.

மூச்சு வாங்கியபடி அவள் எதிரே வந்து நின்றான். படகு நகர்ந்தது. அக்கரைக்குப் பத்து நிமிடம். இடையில் இறங்கிப் போக முடியாத பத்து நிமிடம்.

"நான் இங்க இருக்கேன்னு யாரு சொன்னா?"

"ஆ-ஷெங் அண்ணன். எதுக்குன்னு கேட்டாரு. உங்ககிட்ட சொல்ல வேண்டியத அவர்கிட்ட முதல்ல சொல்ல வேண்டியதாப் போச்சு."

அவள் கடலைப் பார்த்தாள். படத்தைப் பற்றி அலுவலகத்திலேயே பேசிக்கொள்ளலாம் என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

"படம் முடிவாயிடுச்சு. நான் விலை கேட்டு உங்க தாள அனுப்பின கம்பெனிக்குத்தான். ரெண்டு லட்சத்து எழுபது. நேத்து அப்பா முத்திரை குத்திட்டாரு."

சுருக்கென்றது. "இதச் சொல்லத்தான் நனைஞ்சுக்கிட்டு வந்தீங்களா?"

"இல்ல. அது முடியட்டும்னுதான் காத்திருந்தேன். முடியறதுக்கு முன்னாடி வந்தா, விலை பேச வந்திருக்கான்னு நினைப்பீங்க. இனிமே உங்ககிட்ட வாங்கவும் குடுக்கவும் எனக்கு ஒண்ணும் இல்ல. வேலைன்னு சொல்லிக்க எதுவுமே இல்லாம வந்திருக்கேன்."

இயந்திரம் உறுமியது. அலை ஒன்று படகைத் தூக்கிப் போட்டது. விழாமல் இருக்க இருவரும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள்.

பிறகு அவன் சொன்னதை அவள் குறுக்கிடாமல் கேட்டாள். திருகாணித் தொழிலில் விலை கேட்டு வரைபடம் அனுப்பும்போது எதை விட்டாலும் குறிப்பை மட்டும் விடக் கூடாதாம். எவ்வளவு தடிமன், எந்த முலாம், எவ்வளவு சூடு, எல்லாம் அங்கேதான் இருக்கும். குறிப்பைத் தொட்டால் சரக்கு தப்பாக வரும் என்று பதினெட்டு வயதிலேயே அப்பா அவனை அறைந்து சொல்லிக் கொடுத்தாராம். மூன்று விலை இல்லாமல் முத்திரை கிடைக்காது. வேறு யாராலும் இந்த விலைக்கு முடியாது என்று அப்பாவுக்கு நிரூபிக்கத்தான் அனுப்பினான். முடியும் என்று பதில் வந்துவிட்டது.

"குறிப்ப அப்படியே விட்டேன். அதுல எதையும் அழிக்க எனக்குக் கை வரல. உங்க கடிதம் வந்தப்புறம் அந்தத் தாள எடுத்து, முன்ன பின்ன தெரியாத ஒருத்தன் படிக்கிற மாதிரி படிச்சுப் பாத்தேன்..." அவன் நிறுத்தினான். "எனக்குன்னு எழுதினத நானே ஊர் சிரிக்கக் குடுத்துட்டேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது."

மழைத்துளிகள் அவன் கண்ணாடியில் வழிந்தன. துடைக்கவில்லை. அவள் பார்க்க விரும்பிய கண்கள் அந்த நீருக்குப் பின்னால் எங்கோ இருந்தன.

"அப்ப ஆறு எஸ்டிமேட் போட வச்சது?"

"முதல் ரெண்டு தடவ காசுக்கு. உங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன்."

"அப்புறம்?"

"ரெண்டாவதுலயே அப்பா விலைக்குச் சரின்னுட்டாரு. அதுக்கப்புறம் வெட்ட ஒண்ணுமே இல்ல, யாச்சுன். நீங்க திரும்ப வரணுமேன்னு ராத்திரி உக்காந்து கேள்வி தேடினேன். எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. அந்தக் கூரைக்குக் கீழ நின்னப்பவே பிடிச்சிருச்சு. அதச் சொல்லத் தெரியாம, சாப்பாட்டப் பத்திக் கேட்டுட்டு இருந்தேன்."

படகின் மூக்கு கரையில் இடித்தது. சங்கிலி அவிழ்ந்தது. ஸ்கூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு இறங்கின. கூட்டம் அவர்களைத் தள்ளிக்கொண்டே கரையில் கொண்டுபோய் விட்டது. வறுத்த கணவாய் மீன் வாசனையோடு காற்று வீசியது. இருவரும் சரிவான மேடையின் ஓரமாக ஒதுங்கி நின்றார்கள்.

அவன் பதிலை அவசரப்படுத்தவில்லை. அடுத்த படகில் திரும்பிப் போகச் சொன்னாலும் போவதற்குத் தயாராக, பயணச்சீட்டுக்கான சில்லறையைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் அவள் வாய் திறந்தாள்.

"என் கோபம் இன்னும் போகல, சியாவ் சார்."

"இருக்கட்டும்."

"சீக்கிரம் போகாது."

"எத்தனை நாள் ஆனாலும் சரி. நான் இருக்கேன்."

அவள் தன் குடையை விரித்தாள். கொஞ்சம் தயங்கி, அவன் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தாள். தனக்கு ஒரு தோள் நனைவது தெரிந்தது. நனையட்டும்...

"நீங்க அனுப்பின கம்பெனியில என் ஃப்ரெண்டு ஷுஃபென் இருக்கா. அவ அதப் படிச்சுச் சிரிச்சப்ப வெக்கத்துல செத்துடலாம் போல இருந்துச்சு. ஏன் தெரியுமா? அதுல எழுதினது அத்தனையும் நிஜம்." அவள் முகத்தை நிமிர்த்தி, முதல்முறையாகப் பதவியும் மரியாதையும் ஒட்டாமல், வெறும் பெயரைச் சொன்னாள். "எனக்கு உன்னப் பிடிக்கும், போயென். இந்தப் பதினெட்டு நாளும் வேற எதுவுமே பிடிக்கல."